துணி வியாபாரி எழுப்பிய பள்ளிக்கூடங்கள்

ஜூலியஸ் ரோசன்வால்ட் பெரிய படிப்பாளி அல்ல. உயர்நிலைப் பள்ளியில் பாதியிலேயே படிப்பை விட்டவர். கல்லூரியில் படித்தவரும் அல்ல. ஆனால், அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கிராமம் கிராமமாக, ஏறக்குறைய 5 ஆயிரம் பள்ளிக்கூடங்கள் அவர் பெயரைச் சொல்லி எழுந்தன.

அவற்றில் படித்தவர்கள் கறுப்பு இனத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களும் பாட்டிகளும் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், வாங்கப்பட்டவர்கள்.

ரோசன்வால்ட் வெள்ளைக்காரர். கோடீசுவரர். வடக்கே சிகாகோ நகரத்தில் வியாபாரம் செய்தவர். தெற்கே, பருத்திக் காட்டில் கிடந்த ஏழைப் பிள்ளைகள் மீது அவருக்கு எப்படி அக்கறை வந்தது? கட்டிடம் எழுந்ததால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே உயர்ந்ததா?

இரண்டுக்கும் பதில் உண்டு.

மூட்டை சுமந்தவர் மகன்

இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஓர் ஊர். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆகும் முன் குடியிருந்த ஊர் அது. லிங்கன் வீட்டில் இருந்து சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டில், 1862-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி ஜூலியஸ் பிறந்தார். அடுத்த ஜனவரியில் அடிமைகளின் விடுதலையை லிங்கன் பிரகடனம் செய்தார்.

தகப்பனார் பெயர் சாமுவேல். ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்த யூதர். முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றவர். பிறகு துணிக்கடை வைத்துக் கொஞ்சம் தலை நிமிர்ந்தார்.

பையனும் சும்மா இருக்கவில்லை. 1874-ம் ஆண்டு லிங்கன் சமாதியில் நினைவுச் சின்னம் திறந்தார்கள். பெருங்கூட்டம். 12 வயது ஜூலியஸ் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, விழாவைப் பற்றிய சிறு புத்தகங்களை விற்றுக் காசு பார்த்தான்.

1879-ம் ஆண்டு, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே, நியூயார்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே மாமன்மார்கள் துணி வியாபாரம் செய்தார்கள். அவர்களிடம் தொழில் பழகினார். பிறகு சிகாகோவுக்கு வந்து, ஆண்கள் அணியும் கோடைகால உடைகளைத் தைத்து விற்கும் தொழில் நடத்தினார். 1890-ம் ஆண்டு அகஸ்டா நஸ்பாம் என்ற பெண்ணை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள்.

இதுவரை சாதாரணக் கதைதான். 1895-ல் அது மாறியது.

தபாலில் கடை

சியர்ஸ் ரோபக் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதற்குக் கடைவீதி கிடையாது. சாமான்களின் படமும் விலையும் அச்சடித்த தடிப்புத்தகம் ஒன்றை வீடு வீடாகத் தபாலில் அனுப்பும். கிராமத்துக் குடியானவர் அதைப் பார்த்துப் பணம் அனுப்புவார். கடிகாரமோ, தையல் எந்திரமோ, கலப்பையோ, சட்டையோ, ரெயிலில் வந்து சேரும்.

கம்பெனியைத் தொடங்கிய ரிச்சர்டு சியர்ஸ் பேச்சிலும் எழுத்திலும் கெட்டிக்காரர். எதையும் விற்றுவிடுவார். ஆனால் கணக்கு வழக்கில் அவருக்கு நாட்டம் இல்லை. விளம்பரத்தில் ஒன்றுக்குப் பத்தாகவும் எழுதிவிடுவார். 1895-ல் ரோசன்வால்டும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து 75 ஆயிரம் டாலர் போட்டு அந்தக் கம்பெனியில் பாதிப் பங்கை வாங்கினார்கள்.

ரோசன்வால்ட் உள்ளே நுழைந்ததும் ஒழுங்கு வந்தது. விளம்பரத்தில் சொன்ன சாமானும் பெட்டியில் வரும் சாமானும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற வாக்கைக் காப்பாற்றினார். 1908-ல் சியர்ஸ் விலகினார். ரோசன்வால்ட் தலைவரானார். அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரும் ஆனார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் நகரத்துச் சீமான்கள் கொடுத்தது அல்ல. பெரும்பாலும் கிராமத்துக் குடியானவர்கள் தபாலில் அனுப்பிய சில்லறைப் பணம்.

குடை பிடித்து நடந்த பாடம்

1910-ம் ஆண்டு ரோசன்வால்ட் ஒரு புத்தகம் படித்தார். புக்கர் வாஷிங்டன் எழுதிய சுயசரிதை அது. அடிமையாகப் பிறந்து, பெரிய கல்வி நிலையத்தை உருவாக்கிய மனிதரின் வரலாறு.

வாஷிங்டன் 1856 வாக்கில் வர்ஜீனியாவில் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு உப்புக் காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்து, எங்கோ தொலைவில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பகுதி வழி நடந்தே போய்ப் படித்தவர். 1881-ல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் பள்ளி தொடங்கினார். கட்டிடம் இல்லை. ஓர் ஓட்டைக் கொட்டகைதான் கிடைத்தது. மழை பெய்தால் மூத்த மாணவர் ஒருவர் எழுந்து வந்து குடை பிடிப்பார். குடைக்குக் கீழே நின்று வாஷிங்டன் பாடம் நடத்துவார். பிறகு மாணவர்களே செங்கல் அறுத்தார்கள், சூளை போட்டார்கள், கட்டிடம் எழுப்பினார்கள்.

இந்தக் கதை ரோசன்வால்டின் மனத்தைத் தொட்டது. ரஷ்யாவில் அந்தக் காலத்தில் யூதர்களை வேட்டையாடினார்கள். அதைக் கேட்டுக் கொதித்தவர் அவர். தன் இனத்துக்கு அங்கே நடப்பதும், கறுப்பு மக்களுக்கு இங்கே நடப்பதும் ஒன்றுதானே என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

1911-ல் இருவரும் சிகாகோவில் சந்தித்தார்கள். அதே ஆண்டில் ரோசன்வால்ட் டஸ்கீகிக்குப் போய்ப் பார்த்தார். மறு ஆண்டில் அந்தக் கல்வி நிலையத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார்.

இருட்டு அறைகள்

டஸ்கீகி சிறப்பாக இருந்தது. அதைச் சுற்றி இருந்த கிராமங்கள் எப்படி இருந்தன?

அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி; கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக நடத்தவேண்டும் என்ற கொள்கையை 1896-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிரிப்பது நடந்தது. சமம் நடக்கவில்லை. கறுப்பு மக்களிடம் வரி வாங்கினார்கள். ஆனால் தந்திரமான சட்டங்களால் அவர்களுடைய ஓட்டைப் பறித்துவிட்டார்கள். ஓட்டு இல்லாதவனுடைய பள்ளிக்கூடத்தை எந்த அதிகாரி திரும்பிப் பார்ப்பார்?

பல ஊர்களில் தேவாலயமே பள்ளிக்கூடம். சில ஊர்களில் பழைய குடிசை. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரப்பலகைதான். குளிருக்குப் பலகையை மூடினால் அறை இருட்டு. வெளிச்சத்துக்குத் திறந்தால் பிள்ளைகள் நடுங்குவார்கள். சாய்ந்து உட்கார முடியாத பெஞ்சு. எழுத மேஜை கிடையாது, முழங்கால்தான் மேஜை. கரும்பலகை இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆறு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பையனும் ஒரே அறையில் இருப்பார்கள். ஆசிரியர் ஒருவர். சின்னவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது பெரியவன் சும்மா இருப்பான். பெரியவனுக்குக் கணக்குப் போடும்போது சின்னவன் தூங்குவான்.

அதுவும் வருடம் முழுவதும் அல்ல. குடும்பங்கள் வாரத்துக்கு நிலம் உழுதவை. பருத்தி எடுப்பு முடிந்த பிறகுதான் பள்ளி திறக்கும். மறுபடி களை எடுக்கும் காலம் வந்தால் மூடிவிடும். நடுவில் கிடைப்பது சில மாதங்கள். இப்படி ஒரு பிள்ளை எட்டு வருடம் போனாலும் நாலாவது ஐந்தாவது பாடத்தைத் தாண்டுவது கஷ்டம்.

பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அன்றைய வெள்ளை அதிகாரிகள் பலர் சொன்னார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கரும்பலகை தெரிந்ததா என்று அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

முதல் பள்ளிக்கூடம்

1912-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரோசன்வால்டுக்கு 50 வயது நிறைந்தது. அன்றைக்கு விருந்து வைத்துக் கொண்டாடுவதற்குப் பதிலாகப் பல நல்ல காரியங்களுக்குப் பெருந்தொகையைப் பிரித்துக் கொடுத்தார். டஸ்கீகி வகைக்கு 25 ஆயிரம் டாலர்.

அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைக் கொண்டு பக்கத்துக் கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிக்கூடம் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்ட் சம்மதித்தார். ஆறு பள்ளிகள் கட்டத் திட்டம்.

ரோசன்வால்டின் கம்பெனி அப்போது வீடுகளைக்கூடத் தபாலில் விற்றது. மரம், ஆணி, கதவு எல்லாம் அளவாக வெட்டி ரெயிலில் அனுப்பிவிடும். வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதே மாதிரி பள்ளிக்கூடங்களையும் சிகாகோவில் இருந்து அனுப்பலாமே என்று வியாபாரி மூளை யோசித்தது. வாஷிங்டன் இதற்கு இசையவில்லை. உள்ளூர் மரம், உள்ளூர்த் தச்சர், உள்ளூர் ஆட்களின் உழைப்பு இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். வந்து இறங்கிய கட்டிடம் யாரோ கொடுத்த பொருளாக இருக்கும். தானே அடித்த ஆணி என்றால் அதைக் காப்பாற்றத் தோன்றும். ரோசன்வால்ட் விட்டுக்கொடுத்தார். பெரிய வியாபாரி ஒருவர் தன் சரக்கு வேண்டாம் என்பதை ஏற்றுக்கொண்டது சின்ன விஷயம் அல்ல.

அலபாமாவில் லோச்சபோகா என்ற சிற்றூரில் முதல் பள்ளி 1913-ல் முடிந்தது. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். கறுப்புக் குடும்பங்கள் 150 டாலர் திரட்டி நிலம் வாங்கின. 132 டாலர் 50 சென்ட் பெறுமான வேலையைக் கூலி வாங்காமல் செய்தன. உள்ளூர் வெள்ளைக்காரர்கள் 360 டாலர் கொடுத்தார்கள். ரோசன்வால்ட் கொடுத்தது 300 டாலர்.

கணக்கைப் பாருங்கள். கோடீசுவரரின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. அதுதான் திட்டம். பாதிக்கு மேல் அவர் தரமாட்டார். ஊர் முன்வந்தால் அவரும் வருவார்.

1914-ல் மேலும் 100 பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கினார். 1915 நவம்பரில் வாஷிங்டன் காலமானார். திட்டம் நிற்கவில்லை. 1917-ல் ரோசன்வால்ட் நிதி என்ற பெயரில் ஓர் அறநிலையம் பதிவானது.

பருத்தியும் கோழியும்

பணத்துக்கு ஏழைகள் எங்கே போனார்கள்?

சில ஊர்களில் ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கிப் பருத்தி போட்டார்கள். அதில் விளைந்ததைத் தொடமாட்டார்கள். பெண்கள் கோழியும் முட்டையும் விற்றார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களை அழகாகக் கட்டி ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டார்கள். மரம் வைத்திருந்தவர் மரம் கொடுத்தார். வண்டி வைத்திருந்தவர் வண்டி கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் கைகளைக் கொடுத்தார்.

அலபாமாவில் ஒரு கிராமக் கூட்டத்தில் நடந்ததை அங்கே போயிருந்த கல்வி அலுவலர் எழுதி வைத்திருக்கிறார். அடிமைக் காலத்தைப் பார்த்த ஒரு கிழவர், பழைய பை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். எல்லாம் சில்லறை. ஆயுள் முழுவதும் சேர்த்தது. எண்ணிப் பார்த்தால் 38 டாலர். தன் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அவ்வளவையும் கொடுத்துவிட்டார்.

இதைப் படிக்கும்போது மனம் உருகும். கூடவே கோபமும் வரவேண்டும். இந்த மக்கள் ஏற்கனவே வரி கட்டியவர்கள். வரிப்பணத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழும்போது, இவர்கள் மறுபடியும் மடியை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை பணம். இது நியாயமா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்தது. ரோசன்வால்ட் இன ஒதுக்கல் சட்டத்தோடு நேருக்கு நேர் மோதவில்லை. அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் செய்தார். அது ஒரு குறைதான்.

ஆனால் அவர் போட்ட ஒரு நிபந்தனையில் வியாபாரியின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. கட்டி முடித்த பள்ளியையும் நிலத்தையும் அரசாங்கக் கல்வி அதிகாரிகள் பெயருக்கு எழுதிவிட வேண்டும். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு நடத்தவேண்டும். ஆண்டுக்கு ஐந்து மாதமாவது பள்ளி நடக்கவேண்டும். இரண்டு ஏக்கர் நிலம், மேஜைகள், கரும்பலகை, சுகாதாரமான இரண்டு கழிப்பிடங்கள் இருக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் பணம் இல்லை. இதுவரை திரும்பிப் பார்க்காத அதிகாரிகள் இப்போது கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டியதாயிற்று.

ஜன்னல் வைத்த திசை

வேலை வேகமாக நடந்தது. வேகத்தில் கோளாறும் வந்தது. 1919-ல் பள்ளிக் கட்டிட நிபுணர் பிளெட்சர் டிரெஸ்லர் என்பவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, பல கட்டிடங்கள் சரியாகக் கட்டப்படவில்லை, வரைபடப்படி நடக்கவில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் அறிக்கை கொடுத்தார். ரோசன்வால்ட் அதை மூடி மறைக்கவில்லை. 1920-ல் அலுவலகத்தை டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்துக்கு மாற்றினார். சாமுவேல் ஸ்மித் என்ற கல்வி அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

ஸ்மித் வரைந்த படங்கள்தான் இந்தக் கதையின் உயிர்நாடி என்று சொல்லலாம். அந்தக் கிராமங்களில் மின்சாரம் கிடையாது. விளக்கு என்றால் சூரியன்தான். ஆகவே சூரியன் வரும் வழியைப் பார்த்துக் கட்டிடத்தைத் திருப்பினார்கள்.

வகுப்பறையின் ஜன்னல்கள் கிழக்கே அல்லது மேற்கே பார்க்கவேண்டும். ஒன்றிரண்டு ஜன்னல் அல்ல. வரிசையாக, ஒன்றை ஒன்று ஒட்டி, உயரமாக. வெளிச்சம் பிள்ளையின் இடது தோள் பக்கமாக வரவேண்டும். ஏன் தெரியுமா? வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வலது பக்கம் இருந்து வெளிச்சம் வந்தால், கையின் நிழல் காகிதத்தில் விழும். இடது பக்கம் இருந்து வந்தால் விழாது. எதிரே ஜன்னல் வைத்தால் கண் கூசும். அதனால் கரும்பலகைப் பக்கம் ஜன்னல் கூடாது.

சுவரின் மேல்பகுதிக்கு வெளிர் நிறம். வெளிச்சம் பட்டுத் திரும்பும். கீழ்ப்பகுதிக்குக் கொஞ்சம் அழுத்தமான நிறம். தரையை மண்ணில் இருந்து தூக்கிச் செங்கல் தூண்கள் மேல் வைத்தார்கள், ஈரம் ஏறாது. கோட்டும் தொப்பியும் சாப்பாட்டு வாளியும் வைக்கத் தனி இடம். கைத்தொழிலுக்கும் சமையல் கலைக்கும் ஓர் அறை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே மடக்குக் கதவு. அதை மடக்கினால் இரண்டு அறையும் ஒன்றாகி ஊர்க்கூட்டம் நடத்தும் மண்டபம் ஆகிவிடும்.

ஓர் ஆசிரியர் பள்ளிக்கு ஒரு படம். இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு வேறு படம். பெரிய பள்ளிகளுக்கும் படங்கள் இருந்தன. கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளும் இதே படத்தைப் பார்த்துக் கட்டப்பட்டன. அவ்வளவு நல்ல படம்.

அறை இரண்டானால் ஆசிரியரும் இரண்டு பேர். சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கம். பெரிய பிள்ளைகள் ஒரு பக்கம். பெரியவனுக்கு மேல்பாடம் எடுக்க முடிந்தது. சில இடங்களில் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆசிரியருக்கு வீடு கட்டினார்கள். தங்க இடம் இருந்தால்தானே பட்டணத்தில் படித்த ஆசிரியர் கிராமத்துக்கு வருவார்?

உயர்நிலைப் படிப்பு

ஆரம்பப் பள்ளி முடித்த பிள்ளை அப்புறம் எங்கே போவது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கின் கிராமங்களில் கறுப்புப் பிள்ளைகளுக்கு என்று அரசாங்க உயர்நிலைப் பள்ளி கிடைப்பது மிக அரிது. நகரத்தில் உறவினர் வீடு இருந்தால் போகலாம். மிஷன் பள்ளி விடுதியில் சேரலாம். அதற்கும் பணம் வேண்டும். மற்றவர்களுக்கு வயல்தான்.

மாவட்டப் பயிற்சிப் பள்ளி என்ற பெயரில் சில பள்ளிகள் மெல்ல மெல்ல மேல் வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிகளாக வளர்ந்தன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டிடம் கொடுத்தது ரோசன்வால்ட் திட்டம். 1927-ல் இருந்து பள்ளி நூலகங்களுக்கும் நிதியில் இருந்து உதவி கிடைத்தது. பிறகு, தொலைவில் இருந்து வரும் மாணவர்களுக்குப் பஸ் வாங்கவும் உதவினார்கள். கட்டிடம் மட்டும் போதாது. உள்ளே புத்தகம் வேண்டும். பிள்ளை வந்து சேரவும் வேண்டும் என்று கண்டுகொண்டார்கள்.

எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படித்தது இப்படி ஒரு பள்ளியில்தான். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஸ்டாம்ப்ஸ் என்ற ஊர். 1940-ல் எட்டாம் வகுப்பு முடித்த விழாவைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விழாவுக்கு வந்த வெள்ளைக்காரப் பிரமுகர், வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கு நுண்நோக்கிகளும் ரசாயனச் சாமான்களும் வரப்போவதைப் பெருமையாகச் சொன்னாராம். இந்தப் பிள்ளைகளிடம் விளையாட்டைப் பற்றிப் பேசினாராம். கேட்டுக்கொண்டிருந்த சிறுமிக்கு விழாவின் சந்தோஷமே போய்விட்டது. ஒரு பள்ளிக்குச் சோதனைச் சாலை. இன்னொரு பள்ளிக்குப் பந்தாட்டம். எந்தப் பிள்ளை என்ன ஆகவேண்டும் என்பதைச் சாமான் பட்டியலே முடிவு செய்துவிட்டது.

அலபாமாவில் பைக் மாவட்டத்தில், குடியானவர் ஒருவரின் மகன் இரண்டு அறை கொண்ட ரோசன்வால்ட் பள்ளியில் எழுத்துக் கற்றான். பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் பழைய பஸ்ஸில், தார் போடாத ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனான். அவன்தான் பின்னாளில் மக்கள் உரிமைப் போராட்டத்தில் அடிபட்டு, நாடாளுமன்ற உறுப்பினராகி, 2020-ல் காலமான ஜான் லூயிஸ்.

கட்டிடத்தால் படிப்பு ஏறியதா?

1932-ல் கட்டிட வேலை நிறுத்தப்பட்டபோது கணக்குப் பார்த்தார்கள். 15 மாநிலங்கள். 883 மாவட்டங்கள். 4,977 பள்ளிகள். 217 ஆசிரியர் வீடுகள். 163 தொழிற்கூடங்கள். 6 லட்சத்து 63 ஆயிரம் மாணவர்களுக்கு இடம். வட கரோலினா மாநிலத்தில் மட்டும் 787 பள்ளிகள்.

மொத்தச் செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்ட் தரப்பில் வந்தது சுமார் 43 லட்சத்து 65 ஆயிரம். கறுப்பு மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சத்து 26 ஆயிரம். உள்ளூர் வெள்ளைக்காரர்கள் சுமார் 12 லட்சம். மீதி 1 கோடியே 81 லட்சம் அரசாங்க வரிப்பணம்.

பருத்தி எடுத்தவர்கள் கோடீசுவரரை மிஞ்சிவிட்டார்கள்! வரிப்பணத்தின் கதவும் திறந்துவிட்டது.

சரி, பிள்ளைகள் படித்தார்களா? பல வருடம் இதைச் சரியாக அளந்து பார்த்தவர் இல்லை. 2011-ல் டேனியல் ஏரன்சன், பாஸ்கர் மஜும்தார் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எந்த மாவட்டத்தில் எப்போது ரோசன்வால்ட் பள்ளி வந்தது என்ற பழைய கணக்கை எடுத்தார்கள். மக்கள்தொகைக் கணக்கையும், ராணுவத்தில் சேர்ந்தவர்கள் எழுதிய பரீட்சையின் மதிப்பெண்களையும் அதோடு ஒப்பிட்டார்கள். பள்ளி வந்த ஊர், வராத ஊர். பள்ளி வருமுன் வளர்ந்த பிள்ளை, வந்த பின் வளர்ந்த பிள்ளை என்று பிரித்துப் பார்த்தார்கள்.

பள்ளி வந்த இடங்களில் அதிகம் பேர் வகுப்புக்குப் போனார்கள். அதிகம் பேர் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டார்கள். அதிக வருடங்கள் படித்தார்கள். பரீட்சை மதிப்பெண்ணும் உயர்ந்தது. மிகவும் பின்தங்கிய மாவட்டங்களில்தான் பலன் மிக அதிகம். 1910-க்கு முன் பிறந்த தலைமுறைகளில், தென் மாநிலத்துக் கறுப்பரின் படிப்பு வெள்ளையரைவிடச் சுமார் மூன்று வருடம் குறைவு. அடுத்த தலைமுறையில் அந்த இடைவெளி வேகமாகச் சுருங்கியது. கிராமத்துக் கறுப்பு மக்கள் இப்படி முன்னேறியதில் கணிசமான பங்கு இந்தப் பள்ளிகளுக்கு உண்டு என்று ஆராய்ச்சி சொல்கிறது.

வெறும் சுவரும் கூரையும் இதைச் செய்யவில்லை. கட்டிடத்தோடு கூட நீண்ட பள்ளி ஆண்டு வந்தது. கூடுதல் ஆசிரியர் வந்தார். அதிகாரியின் பொறுப்பு வந்தது. தாங்களே கட்டிய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாமல் வயலுக்கு அனுப்பத் தகப்பனாருக்கும் மனம் வரவில்லை.

கடைசி நாட்கள்

1921-ல் வியாபாரம் படுத்தது. கம்பெனி முழுகிவிடும் போல் இருந்தது. ரோசன்வால்ட் தன் சொந்தச் சொத்தைப் போட்டுக் காப்பாற்றினார். 1929-ல் மனைவி அகஸ்டா காலமானார். அதே ஆண்டில் பங்குச் சந்தை சரிந்தது. நிதியின் பணம் பெரும்பாலும் கம்பெனிப் பங்குகளில் இருந்தது. அதன் மதிப்பும் விழுந்தது.

பெயர் ஆசை இல்லாதவர். சிகாகோவில் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலை அமைக்கப் பல லட்சம் கொடுத்தார். அதற்குத் தன் பெயரை வைத்தபோது, வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். ஆனால் கிராமத்துப் பள்ளிகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மக்கள் அவற்றை ரோசன்வால்ட் பள்ளி என்றே அழைத்தார்கள். பல வகுப்பறைகளில் அவர் படத்தை மாட்டினார்கள்.

1932-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி, 69-வது வயதில், சிகாகோவை அடுத்த தன் இல்லத்தில் அவர் காலமானார். தர்மப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வட்டியை மட்டும் செலவழிப்பது அவருக்குப் பிடிக்காது. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதியின் பணம் முழுவதையும் செலவழித்துவிட வேண்டும் என்று விதி எழுதி வைத்திருந்தார். 1948-லேயே செலவழித்து மூடிவிட்டார்கள்.

பள்ளிகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போகத் தொடங்க, ரோசன்வால்ட் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில இடிந்தன. சில வைக்கோல் போடும் கொட்டகை ஆயின. 2002-ல், அழியும் ஆபத்தில் உள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் அவை சேர்ந்தன. ரோசன்வால்டுக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் தேசிய நினைவிடம் அமைப்பது பற்றி ஆராய 2021-ல் அமெரிக்க அரசு சட்டம் செய்தது.

கட்டியவற்றில் சுமார் பத்தில் ஒன்றுதான் இப்போது நிற்கிறது. அங்கே படித்த கிழவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பணம் திரட்டிச் சிலவற்றைப் பழுது பார்த்திருக்கிறார்கள். கூரை மாற்றினார்கள். தரை மாற்றினார்கள். வரிசை ஜன்னல்களைப் பழைய அளவிலேயே, பழைய இடத்திலேயே மறுபடி வைத்தார்கள்.